வாங்கு மாப்ளே, தாராளமா வாங்கு!

வாங்கு மாப்ளே. யாரு வேணாங்கிறா? முருங்கையிலே ரெண்டு வருசமா நல்ல விலை பார்த்தாச்சு. ஒட்டன்சத்திரம் மண்டியிலே உன் தலை தெரிஞ்சா கணக்குப்பிள்ளை எந்திரிச்சு நிக்கிறான். இனி உனக்கு என்ன குறைச்சல்? ஒரு லம்போர்கினிதான் குறைச்சல். அதுவும் புதுசா எடுத்தா ஊர்க்கண்ணு பட்டுரும், தண்ணியிலே முங்கினதா எடுத்தா திருஷ்டி கழிச்சே வருதுங்கிறே. உன் புத்தி யாருக்கு வரும்?

உங்க ஆத்தா நேத்து வந்து, "அண்ணே, நீ சொன்னாத்தான் கேப்பான்"னு மூக்கைச் சிந்திட்டுப் போனா. தாய்மாமன் வேலை சீர் செய்யறதுதானே, தடுக்கறதா? நான் தடுக்கலை. வேப்பமரத்தடியிலே உக்காந்து கேட்டுட்டு, நேரா போய்ப் பணத்தைக் கட்டு.

புரோக்கர் அனுப்பின போட்டோவைப் பார்த்தேன். பச்சைக் கலர், ஹூராகான், பி.ஒய். நம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்துலே சென்னையிலே ஒரு பங்களா பேஸ்மென்டுலே நின்ன வண்டிங்கிறான். 2023 டிசம்பர்லே பள்ளிக்கரணையிலே அடுக்குமாடி வாசல்லே காரெல்லாம் வரிசை கட்டி மிதந்து போனதை நாம போன்லே பார்த்தோமே, அதே மழை. 2019-லே ஷோரூம் விலை 3 கோடியே 73 லட்சமா இருந்த சாதி வண்டி, உனக்கு மட்டும் 45 லட்சம். உன் மூஞ்சியைப் பார்த்ததும் அவனுக்கு அம்புட்டுப் பிரியம்.

ஒண்ணு சொல்லணும், வண்டி நம்ம சாதிசனத்து வண்டிதான். ஃபெருச்சியோ லம்போர்கினி 1916-லே இத்தாலியிலே திராட்சைத் தோட்டக்காரர் வீட்டுலே பொறந்த ஆளு. முதல்லே செஞ்சது டிராக்டரு, கார் கம்பெனி ஆரம்பிச்சது 1963-லேதான். அந்த டிராக்டர் கம்பெனி அப்புறம் கைமாறிப் போச்சு. இப்ப அதை வச்சிருக்கிறவங்களுக்கு நம்ம ராணிப்பேட்டையிலேயே தொழிற்சாலை இருக்கு. வெள்ளோட்டுலே பன்னீர்த் திராட்சை போட்டிருக்கிற நம்ம சம்பந்திகிட்ட இதைச் சொன்னேன். "அப்ப எம்மவனும் கார் கம்பெனி வைப்பானா மச்சான்?"னாரு. முதல்லே மருந்தடிக்க வரச் சொல்லுங்கன்னேன்.

ஃபெருச்சியோவுக்கு ரிஷப ராசி. அதான் வண்டி மூக்குலே காளை. ஹூராகான்கிறதும் 1879-லே ஸ்பெயின்லே அலிகாண்டே ஊர்லே சண்டைக்கு விட்ட ஒரு காளையோட பேரு. அப்ப நீ வாங்கப் போறது காளை. காளைன்னு வந்துட்டா நீ மாமன்கிட்டே வந்துட்டே. காலம் பூராம் மாட்டுத் தரகு பார்த்த கை இது.

சந்தையிலே நாங்க என்ன பண்ணுவோம்? பல்லைப் பிடிச்சுப் பார்ப்போம், சுழி பார்ப்போம், படுக்கவிட்டு எந்திரிக்க வைப்போம், கயித்தை அவிழ்த்து நாலு எட்டு நடக்கவிடுவோம். அதுக்கப்புறந்தான் துண்டுக்குள்ளே கையை விட்டு விரலைப் பிடிக்கிறது. விக்கிறவன் "மாட்டை நடக்கவிட மாட்டேன், அப்படியே வண்டியிலே ஏத்திக்கோ"ன்னா, துண்டை உதறித் தோள்லே போட்டுக்கிட்டு டீக்கடைக்குப் போயிருவோம். உன் புரோக்கர் என்ன சொன்னான்? "ஸ்டார்ட் பண்ணக்கூடாது சார், லாரியிலே ஏத்திக்கலாம்." நீயும் "ஓ, சரிங்க"ன்னுட்டு வந்திருக்கே.

ஆனா அதுலே அவன் சொன்னது நெசம். தண்ணி குடிச்ச எஞ்சினை ஸ்டார்ட் பண்ணவே கூடாது. காத்தை அமுக்கலாம், தண்ணியை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள்ளே தண்ணி நிக்கும்போது பிஸ்டன் மேலே ஏறினா, தண்ணி விட்டுக்கொடுக்காது, கனெக்டிங் ராடு மடங்கிரும். இந்தக் காளைக்குப் பத்து சிலிண்டர், 5.2 லிட்டர், சீட்டுக்குப் பின்னாலே எஞ்சின். அதனாலே நீ கேக்க வேண்டியது "இப்ப ஓடுமா?"ங்கிறது இல்லை. "வெள்ளம் வடிஞ்ச அன்னிக்குக் காலையிலே யாரு பட்டனை அமுக்கிப் பார்த்தா?"ன்னு கேளு. மூணே முக்கால் கோடி போட்டவன் அமுக்காம இருந்திருப்பான்னு நீ நினைச்சா, உன் நல்ல மனசு எனக்குப் பிடிச்சிருக்கு. அப்படி அமுக்கிக் கெட்ட எஞ்சினுக்கு, 'எஞ்சின் புரொடெக்ட்'னு தனியாப் பணம் கட்டாதவனுக்குச் சாதாரண பாலிசி சல்லிக்காசு தராது.

தண்ணியிலே விட்டவன் கதைகூட ஒண்ணு உண்டு. 2009-லே அமெரிக்காவிலே டெக்சாஸ் பக்கம் ஒருத்தர் புகாட்டி வேரானைக் கொண்டுபோய் உப்பங்கழியிலே இறக்கிட்டாரு. கேட்டா, கூழைக்கடா தாழப் பறந்துச்சு, தடுமாறிட்டேன்னாரு. பக்கத்துலே போன கார்லே இருந்தவன் அதைப் படம் பிடிச்சிட்டான். வண்டி மட்டும் வருது, கூழைக்கடாவைக் காணோம். இன்சூரன்ஸ் பணத்துக்காகப் பண்ணினதுன்னு கோர்ட்டுலே ஒத்துக்கிட்டு உள்ளே போனாரு. பெரிய கார் முங்கினா, முதல்லே காரைப் பார்க்காதே மாப்ளே, முங்க வச்சவனைப் பாரு.

இப்பக் கணக்குக்கு வா. மண்டிக் கணக்கை விரல்லே போடுறவன் நீ, இது அதைவிடச் சின்னது. என் மூத்த பேரன் மதுரையிலே ஒரு இன்சூரன்ஸ் சர்வேயர்கிட்ட வேலை பார்க்கிறான்ல, அவன் சொல்லிக்கொடுத்தது. பாலிசியிலே ஐடிவின்னு ஒரு தொகை எழுதியிருக்கும். வண்டி போயே போச்சுன்னா இம்புட்டுத் தருவோம்ங்கிற விலை அது. கம்பெனி விலையிலேர்ந்து வயசுக்குத் தக்கன கழிப்பாங்க. ரெண்டு வருசம் தாண்டி மூணுக்குள்ளேன்னா 30 சதவீதம், மூணு தாண்டி நாலுக்குள்ளேன்னா 40, நாலு தாண்டி அஞ்சுக்குள்ளேன்னா 50. உன் காளை 2020-லே வாங்கினது, 2023 டிசம்பர்லே முங்கினது. 40 கழி. 3 கோடியே 73 லட்சத்துலே மிஞ்சறது ஏறக்குறைய 2 கோடியே 24 லட்சம்.

ரிப்பேர்ச் செலவு இந்தத் தொகையிலே 75 சதவீதத்தைத் தாண்டினாத்தான் 'டோட்டல் லாஸ்'னு எழுதிப் பணத்தைக் கொடுத்துட்டு, வண்டியை ஏலத்துக்கு விடுவாங்க. 2 கோடியே 24 லட்சத்துலே 75 சதவீதம் 1 கோடியே 68 லட்சம். அப்படின்னா, படிச்ச ஆளு ஒருத்தர் அந்த வண்டியைக் குனிஞ்சு நிமிர்ந்து பார்த்து, "இதை எழுப்ப 1 கோடியே 68 லட்சத்துக்கு மேலே ஆகும்"னு கையெழுத்துப் போட்டிருக்காரு. அந்தக் கையெழுத்து இருக்கிறதாலேதான் அது 45 லட்சத்துக்கு உன் வாசலுக்கு வருது.

45-ஐ அதோட கூட்டு. 2 கோடியே 13 லட்சம். அதே வயசுலே, மழையையே பார்க்காத காளைக்கு எழுதின விலை 2 கோடியே 24. உனக்கு 11 லட்சம் லாபம் மாப்ளே! அதுக்காகத்தான் இம்புட்டு நாள் தூங்கலையா?

"பட்டறையிலே 20 லட்சத்துலே முடிச்சிரலாம், மாமா"ங்கிறே. முடிக்கலாம். 2022 செப்டம்பர்லே பெங்களூரு வெள்ளத்துலே முங்கின ஒரு போலோவுக்கு, சாதாரண போலோ மாப்ளே, 11 லட்ச ரூபாய் வண்டி, 22 லட்சம் எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தாங்க. ஊரே சிரிச்சப்புறந்தான் கம்பெனி இறங்கி வந்துச்சு. போலோவுக்கே அந்தப் பாடு.

நம்ம ஊர் கைவேலையைக் குறைச்சுப் பேசற ஆள் நான் இல்லை. 2019-லே புவிசார் குறியீடு வாங்கின திண்டுக்கல் பூட்டு, நாகல் நகர்ப் பட்டறையிலே அரத்தை வச்சு ராவி ராவிச் செஞ்சதுதான். இரும்புன்னா நம்ம ஆளு பேச வச்சிருவான். ஆனா இந்த வண்டி எலும்புக்கூடு அலுமினியமும் கார்பன் ஃபைபரும் சேர்ந்தது. தட்டி நிமிர்த்தற சோலி அங்கே இல்லை. கார்பன்லே விரிசல் விட்டா வெளியே பெயின்ட் பளபளன்னு இருக்கும், உள்ளே பிரிஞ்சு கெடக்கும். வயர்க்கட்டு ஆயிரம் கிளை விட்டு ஓடுது, ஒவ்வொரு முடிச்சுலேயும் சேறு. அன்னிக்கே கெட்டிருந்தாக்கூடப் பரவாயில்லை. காய வச்சு ஓட்டினா நல்லா ஓடும். ஆறு மாசம் கழிச்சுச் செம்புக் கம்பி பச்சை பூத்து, ஒரு நாள் வேடசந்தூர் தாண்டிக் கரூர் ரோட்டுலே எல்லா விளக்கும் ஒண்ணா எரியும், வண்டி நின்னுரும். கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கணும்னா கம்பெனி ஆளுகிட்டத்தான் போகணும். அதுக்கு சேலம், ஓசூர் தாண்டி பெங்களூரு. இழுத்துக்கிட்டும் போக முடியாது, நாலு சக்கரமும் தரையிலே படாம தட்டு லாரியிலே ஏத்தணும்.

நேர்லே பார்க்கப் போறேல்ல? மூணு இடம் சொல்றேன். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் வெளியே இழுத்துப் பாரு, தண்ணி எம்புட்டு உயரம் நின்னுச்சோ அந்தக் கோடு அதுலே இருக்கும், அதை எவனும் கழுவ மாட்டான். சீட்டுக்குக் கீழே போல்ட்டுலே துரு இருக்கா, புது ஸ்பானர் தடம் இருக்கான்னு பாரு. கார்ப்பெட்டைத் தூக்கி மோந்து பாரு. சென்ட்டு அடிச்சிருந்தா மோப்பத்தை நிறுத்து, திரும்பி வந்துரு.

காகிதம் அதைவிட வாசம். டோட்டல் லாஸ் ஆகி, இனி ரோட்டுக்கு ஆகாதுன்னு போன வண்டிக்கு, மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவுலே 14 நாளைக்குள்ளே ஆர்.டி.ஓ.வுக்குச் சொல்லி ஆர்.சி.யை ரத்து பண்ணணும். இதுக்கு ரத்து ஆச்சா இல்லையா? ஆயிருந்தா நீ வாங்கறது பழைய இரும்பு. ஆகலைன்னா இன்னும் கவனமா இரு. அப்படிப்பட்ட ஆர்.சி.யையும் சேசிஸ் நம்பரையும் திருட்டு வண்டியிலே ஏத்தி விக்கிற கும்பலை வடக்கே போலீஸ் பிடிச்சிருக்கு. கடன் இருந்தா ஃபாரம் 35, வெளி மாநிலத்து என்.ஓ.சி.க்கு ஃபாரம் 28, பேர் மாத்த 29, 30. இம்புட்டையும் திண்டுக்கல் ஆபீசுலே கொடுத்து டி.என். 57 வாங்கணும்.

அது என்ன பி.ஒய். நம்பர்னு கேட்டியா? வரி கம்மின்னு பாண்டிச்சேரியிலே அட்ரஸ் காட்டிப் பதிஞ்ச ஆடம்பரக் கார் விவகாரம் 2017-லே கேரளாவிலே நடிகர், நடிகை வரைக்கும் கேஸாப் போச்சு. அதை இங்கே கொண்டுவந்தா நம்ம சர்க்காருக்கு ஆயுள் வரி கட்டணும். 20 லட்சத்துக்கு மேலே விலை போன காருக்கு 20 சதவீதம். வயசுக்குக் கழிச்சாலும், உன் 11 லட்சம் லாபம் அந்த கவுன்டர்லேயே முடிஞ்சிரும்.

ஒரே ஒரு ஆறுதல் இருக்கு. கட்டாய மூணாம் நபர் இன்சூரன்ஸ், 1500 சி.சி.க்கு மேலே எந்தக் காருக்கும் 2022 விகிதப்படி வருசத்துக்கு 7,897 ரூபாய்தான். உன் அண்ணன் இன்னோவாவுக்கும் அதேதான், உன் காளைக்கும் அதேதான். நாட்டுலே சமத்துவம் அங்கே ஒண்ணு இருக்கு. முழு பாலிசிக்கு மட்டும், முங்கின வண்டியைப் பார்த்ததும் ஆபீசர் சாப்பிடப் போயிருவாரு.

எல்லாம் சரியாப் போச்சுன்னே வை. எங்கே ஓட்டுவே? வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம் இருக்கலாம்னு இந்திய சாலைக் காங்கிரஸ் எழுதி வச்சிருக்கு. நம்ம ஊர்லே அதை எழுதினவங்க யாரும் வந்து அளந்து பார்த்ததில்லை. வண்டி வயித்துக்கும் தரைக்கும் அஞ்சங்குலம் இருந்தா அதிகம். நம்ம தெரு முக்குலே முதல் மேட்டுலே காளை படுத்துரும். சீட்டு ரெண்டே ரெண்டு. நீயும் உன் பொண்டாட்டியும் ஏறினா, பழனிக்குப் போற அன்னிக்கு உங்க ஆத்தா பஸ்ஸுலே வருவா. டிக்கி முன்னாலே இருக்கு, ரெண்டு பை தக்காளி வைக்கலாம்.

யாருக்காவது இது லாபமான்னு கேட்டா, லாபந்தான். மும்பை, டெல்லியிலே வண்டியைப் பிரிச்சு, ஓடற வண்டிக்காரனுக்குக் கதவு, கண்ணாடி, சக்கரம்னு தனித்தனியா விக்கிறவன் இருக்கான். அவன் வாங்கலாம். அவன் ஏன் 45-க்கு வாங்கலைன்னு உன் புரோக்கர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாரு.

அதனாலே இன்னிக்கே அவனுக்குப் போன் போடு. சர்வேயர் ரிப்போர்ட்டும் கம்பெனி எஸ்டிமேட்டும், ரெண்டும் முழுசா வேணும்னு கேளு. ஒரு பக்கம்கூடக் குறையக்கூடாது. அனுப்பினான்னா பேரனை வரச் சொல்றேன், உக்காந்து பார்ப்போம். "அதெல்லாம் எதுக்கு சார், நம்பிக்கைதான் முக்கியம்"னு ஆரம்பிச்சான்னா போனை வச்சிரு. முன்பணம்னு அஞ்சு பைசா கொடுக்காதே.