கோழிக் கிளாக்கர்

முப்பது வருஷம் தோட்டத்து ஆபீசில் செக்ரோல் என்ற பேர்ப்பதிவு எழுதியவரை வீட்டுக்கு அனுப்பினால் என்ன செய்வார்? இபிஎஃப் காசு வந்ததும் மற்றவர்கள் மகளுக்கு நகை செய்வார்கள், கூரைத் தகரம் மாற்றுவார்கள். இவர் கொழும்புப் பக்கம் போய் ஒரு ஜோடி கருப்பு சில்க்கிக் கோழி வாங்கிவந்தார். ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் இப்படி ஒருவராவது கண்ணில் படுவார். ஊர் அவருக்கு வைக்கும் பெயர் கோழிக் கிளாக்கர்.

“முட்டைக்குங்களா ஐயா, கறிக்குங்களா?” என்று கேட்டவரோடு அப்புறம் அவருக்குப் பேச்சில்லை. அவர் வளர்ப்பது ஸ்டாண்டர்டுக்கு. கோழி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று இங்கிலாந்துக்காரர்கள் 1865-லேயே புத்தகம் போட்டுவிட்டார்கள். அந்த வழியில் வந்த ஒரு புத்தகத்தின் போட்டோகாப்பி, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சில்க்கிக்குக் காலுக்கு ஐந்து விரல்; ஐந்தாவது விரல் தரையைத் தொடாமல் மேலே வளைய வேண்டும். தோல் கருப்பு, எலும்பு கருப்பு, காதுமடல் நீலப்பச்சை. சிறகு மட்டும் சிறகாக இருக்கக் கூடாது, பஞ்சாக இருக்க வேண்டும்.

காலையில் தோட்டத்தில் ஆளெண்ணும் ஒரு பிரட்டு என்றால், இவர் கொல்லையில் இன்னொரு பிரட்டு. குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி விரலை எண்ணிப் பழைய செக்ரோல் கொப்பியில் பதிவார். இரண்டு காலிலும் ஐந்து என்றால், முழுநாள் சம்பளம்போல முழுப்பேர். ஒன்றில் ஐந்து, மற்றதில் நாலு என்றால் அரைப்பேர். இரண்டிலும் நாலு என்றால் பேரே இல்லை. ஆனாலும் தீனி உண்டு, கழித்ததைக் கறிவைக்க அவருக்கு மனசு வராது. “வேல செய்யாததுக்கும் சம்பளம். இத ஆபீசுல இருக்கிறப்ப செஞ்சிருந்தா சனங்க வாழ்த்தியாவது இருக்கும்” என்பார் வீட்டம்மா.

மற்றக் கோழிகளின் சிறகிழைகளை நுண்ணிய கொக்கிகள் கோத்துப் பிடித்திருக்கும். சில்க்கிக்கு அது வாய்க்கவில்லை; மழை நேரே தோலுக்குப் போய்விடும். அப்பேர்ப்பட்டதை வளர்க்க இவருக்குக் கிடைத்த ஊர், மே பிறந்தால் வெயிலை மறந்துவிடும் ஹட்டன். தூறல் விழுந்தால் குடையோடு ஓடுவார். நனைந்ததை மடியில் வைத்து மகளின் ஹேர் டிரையரால் காயவைப்பார். மகள் ஈரத்தலையோடு படிப்பிக்கப் போவாள். இன்குபேட்டருக்கு 21 நாளும் 37.5 பாகைச் சூடு வேண்டும். காற்றில் மரம் விழுந்து கரண்ட் போனால், தன் கம்பளியை அதற்குப் போர்த்திவிட்டு விடியவிடிய நடுங்குவார்.

இந்த மலைக்கு இந்தக் கிறுக்கு புதிதல்ல. 1848 வாக்கில் சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர், நுவரெலியாவை ஓர் இங்கிலாந்துப் பண்ணையாக்க நினைத்து டர்ஹாம் பசுவும் செம்மறிக்கடாவும் வேட்டைநாயும் கப்பலேற்றி வந்தார். அவரிடம் காசும் ஆளும் இருந்தன. இவரிடம் வீட்டம்மா மட்டும்.

நடுவில் நீல நிறத்தில் ஆசை வந்தது. நீலத்தோடு நீலம் சேர்த்தால் சராசரியாகப் பாதிதான் நீலம். கால்வாசி கருப்பு, கால்வாசி வெளிறிப்போய்த் திட்டுத்திட்டாக. செக்ரோல்காரருக்குக் கணக்குப் பிடித்திருந்தது. பொரித்த ஆறில் ஐந்து கருப்பு.

தேயிலைக்குள்ளிருந்து சிலசமயம் காட்டுக்கோழிச் சேவல் வந்து நிற்கும். தேசியப் பறவை, உலகத்தில் வேறெங்கும் கிடையாது. செங்கொண்டையின் நடுவில் மஞ்சள் திட்டு. “கொண்டையில கலர் கலங்கிப்போச்சு” என்று படைத்தவனுக்கே அரைப்பேர் போட்டுவிட்டு உள்ளே போவார்.

இவருடைய நிஜ எதிரி லயத்துச் சேவல். ஒருநாள் வேலி தாண்டி வந்துபோனால் போதும், இரண்டு கிழமைக்குமேல் அந்தப் பெட்டையின் முட்டையை நம்ப முடியாது; விந்து உள்ளே உயிரோடு இருக்கும். பஞ்சுச் சிறகோ தாய், தகப்பன் இரண்டு பக்கமும் கொடுத்தால்தான் வரும். பொரித்ததெல்லாம் வழவழவென்று ஊர்ச் சிறகு. சேவல்காரனிடம் சண்டைக்குப் போனார். “என் சேவலுக்கு நான் காசா கேட்டேன் ஐயா?” என்றான் அவன்.

அதில் ஒரு சேவல் நல்ல கருப்பு. நாலு விரல், பேர் இல்லாதது. ஃபெக்டரியைக் காக்கும் ரோதமுனிக்குப் பூசை வந்தபோது கமிட்டிக்காரர்கள் படியேறினார்கள். “குறையில்லாத கருஞ்சேவல் ஒண்ணு வேணுங்க.” இவருக்கு வயிறு கலங்கியது. பூசாரி முழுப்பேர்ச் சேவலின் காலைப் பிடித்துப் பார்த்தார். “அஞ்சு வெரலா? ஊனமாச்சே. முனிக்கு ஆகாது.” அப்புறம் பேரில்லாததைத் தூக்கிக் கொண்டை, சிறகு, கால் எல்லாம் திருப்பிப் பார்த்து, “ஒரு குத்தஞ் சொல்ல முடியாதுங்க ஐயா” என்றார்.

அதற்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து மாலை போட்டார்கள். அந்தக் கொட்டிலில் இன்றுவரை மாலை வாங்கிய கோழி அது ஒன்றுதான்.