டீக்கடைப் பாவிகள்

யூடியூபில் கோட்டு போட்ட தம்பி ஒருவர் தினமும் ஏழைகளைக் கண்டிக்கிறார். நீங்கள் முன்னேறாததற்குக் காரணம் சம்பளமும் இல்லையாம், வாடகையும் இல்லையாம், டீதானாம். நாளைக்கு இரண்டு டீ, முப்பது ரூபாய். மாதம் 900. அதை எஸ்ஐபியில் போட்டு முப்பது வருஷம் வாயைக் கட்டினால், 12 சதவீதத்தில் 31 லட்சத்துக்கு மேல் வருமாம். பங்குச் சந்தையின் 12 சதவீதம் ஏதோ ரேஷன் கார்டை நீட்டினால் அளந்து போடுவது என்பது அவர் நினைப்பு.

சரி, அவர் கணக்கிலேயே போவோம். விலைவாசி என்று ஒன்று இருப்பதைப் பற்றித் தம்பி மூச்சே விடமாட்டார். அது ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், இன்றைய 15 ரூபாய் டீ முப்பது வருஷம் கழித்து 86 ரூபாய். அவருடைய 31 லட்சத்துக்கு இன்றைய மதிப்பு ஐந்தரை லட்சம். அதாவது 21,600 டீயைத் தியாகம் செய்தவனுக்கு, கிழவனான பிறகு 37,000 டீ கிடைக்கும். அப்போது டாக்டர் சர்க்கரையைத் தொடாதே என்பார், அது வேறு விஷயம்.

இது சந்தையை நம்பிப் போய், சந்தையும் அவனைக் கைவிடாத கதை. பயந்த சுபாவம் உள்ளவர்கள் என்ன செய்வார்கள்? வங்கியில் சேமிப்புக் கணக்கில் போட்டு வைப்பார்கள். அதே 900 ரூபாய், அதே முப்பது வருஷம், 2.7 சதவீத வட்டி. கடைசியில் கையில் ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 86 ரூபாய் விலையில் அதற்கு 5,800 டீகூட வராது. விட்டது 21,600, திரும்பியது 5,800. மிச்சம் 15,800 டீயை யாரய்யா குடித்தது?

2.7 என்பது நான் கற்பனையில் எடுத்த எண் அல்ல. நாட்டின் பெரிய வங்கியான ஸ்டேட் பாங்க் 2020லிருந்து சேமிப்புக் கணக்குக்குக் கொடுத்து வந்தது அதுதான். 2025ல் அதையும் 2.5 ஆக்கினார்கள். 2022-23ல் சில்லறைப் பணவீக்கம் சராசரி 6.7 சதவீதம். லட்ச ரூபாய் வைத்திருந்தவருக்கு 2,700 வந்தது. லட்ச ரூபாய்ச் சாமான் 1,06,700 ஆனது. நாலாயிரம் ரூபாய் பூட்டிய பெட்டிக்குள்ளேயே காணாமல் போனது. போலீஸில் புகார் கொடுக்க முடியுமா? பாஸ்புக்கில் தொகை கூடித்தானே இருக்கிறது!

அந்தப் பாஸ்புக்கைப் பதியப் போனால் மிஷின் ரிப்பேர். ஆனால் ஃபிக்சட் டெபாசிட் போட வந்த எழுபது வயது அம்மாவுக்கு மட்டும் நாற்காலி கிடைக்கும், தண்ணீர் கிடைக்கும். "அம்மா, எஃப்டி எதுக்கும்மா? இது அதைவிட நல்ல ஸ்கீம், அஞ்சு வருஷம் கட்டினா போதும்." பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் அம்மா கையெழுத்துப் போடுவார். அடுத்த வருஷம் இரண்டாவது பிரீமியம் கட்டச் சொல்லி மெசேஜ் வரும்போதுதான், தான் வாங்கியது மகன் பேரில் ஓர் இன்ஷூரன்ஸ் என்பது தெரியும். பாலிசியைத் திருப்பிக் கொடுக்கும் முப்பது நாள் கெடு எப்போதோ முடிந்திருக்கும். விற்றவருக்கு வேறு கிளைக்கு மாற்றல் ஆகியிருக்கும்.

அதே தெருவில் காய்கறி வண்டிக்காரி தண்டல் வாங்குகிறாள். பத்தாயிரம் கேட்டால் கையில் எட்டாயிரத்து ஐந்நூறு. தினம் நூறு வீதம் நூறு நாள். ஆண்டு வட்டியாக்கிப் பார்த்தால் நூறு சதவீதத்தைத் தாண்டும். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003லேயே வந்துவிட்டது. தண்டல்காரர் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வருகிறார். அவளுக்கு நிதி எழுத்தறிவு போதாது என்று முகாம் நடத்துகிறார்கள். நூறு நாள் நோட்டில் ஒரு நாள் தவறாமல் கணக்கு எழுதுகிறவளுக்கு!

அவள் தப்பித் தவறி ஒரு சாதாரண சேமிப்புக் கணக்கு வைத்து, மினிமம் பேலன்ஸில் நானூறு ரூபாய் குறைந்தது என்று வையுங்கள். அபராதம். அபராதத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. பணம் இல்லாததற்கும் வரி வாங்க முடியும் என்று கண்டுபிடித்த மூளைக்குச் சிலை வைக்கலாம். 2019-20லிருந்து ஐந்து ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் இப்படி வசூலித்தது சுமார் 8,500 கோடி ரூபாய். நாடாளுமன்றத்தில் அரசே கொடுத்த கணக்கு. ஸ்டேட் பாங்க் 2020லேயே இதைக் கைவிட்டது. அதற்குப் பிறகும் மற்றவை ஐந்து வருஷம் கறந்துவிட்டு, 2025ல் சில வங்கிகள் நிறுத்தி, அதையும் சலுகை என்று விளம்பரம் செய்துகொண்டன.

குறைந்தால் தண்டனை என்ற இந்த நியாயம் மேலே உள்ளவர்களுக்கு எப்படி என்று பாருங்கள். பணவீக்கத்தை 4 சதவீதத்தில் வைக்க வேண்டும், போனால் போகிறது 6 வரை போகலாம் என்று ரிசர்வ் வங்கிக்குச் சட்டப்படி இலக்கு உண்டு. 2022ல் தொடர்ந்து மூன்று காலாண்டுகள் அந்த 6ஐயும் தாண்டியது. ஒன்பது மாதம், 140 கோடிப் பேரின் அடுப்படியில். விதித்த தண்டனை: ஏன் தவறியது என்று அரசுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். அந்த நவம்பரில் கூட்டம் போட்டார்கள், எழுதினார்கள், அனுப்பினார்கள்.

கடிதத்தை மக்களுக்குக் காட்ட மறுத்துவிட்டார்கள். அது இரு தரப்புக்கும் இடையிலான விஷயமாம். தபால் செலவுக்கு ஜிஎஸ்டி கட்டினார்களா என்றாவது சொல்லலாம்.