ஆட்டம் முடிந்த பிறகு அணியை அறிவிக்க அனுமதி வேண்டி

அனுப்புநர்: பூஞ்சேரி கூட்டுரோடு டீக்கடையில் வழக்கமாக நிற்பவர்கள், மாமல்லபுரம், செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்: சர்வதேச செஸ் கூட்டமைப்பு (ஃபிடே), லொசான், சுவிட்சர்லாந்து.

பொருள்: ஒலிம்பியாட் அணிப் பட்டியலை ஆட்டம் முடிந்த மறுநாள் தாக்கல் செய்ய அனுமதி கோருதல் தொடர்பாக.

பார்வை: 44-வது செஸ் ஒலிம்பியாட், பூஞ்சேரி, 2022 ஜூலை 29 முதல் ஆகஸ்ட் 9 வரை.

மதிப்பிற்குரிய ஐயா,

ரஷ்யாவில் நடக்க வேண்டிய போட்டியை உக்ரைன் போர் தொடங்கிய பிறகு நீங்கள் இடம் மாற்ற, நான்கே மாதத்தில் அது எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. போட்டியின் சின்னமான, வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' திரும்பிய பக்கமெல்லாம் கும்பிட்டுக்கொண்டு நின்றது. சென்னையில் நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள். இதிலெல்லாம் எங்களுக்கு எந்த மனக்குறையும் இல்லை. மூன்றாம் சுற்றில் எங்கள் பையன்கள் சுவிட்சர்லாந்தை 4–0 என்று அனுப்பிவைத்ததற்கும், உங்கள் அலுவலகம் அந்த நாட்டில் இருப்பதற்கும், இந்த மனுவுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

எங்கள் குறை உங்கள் விதியைப் பற்றியது. ஓர் அணியில் ஐந்து பேர். பலகையில் உட்காருவது நான்கு பேர். யாரை உட்கார வைப்பது, யாருக்கு ஓய்வு கொடுப்பது என்பதை விளையாடாத கேப்டன் ஒருவர் ஆட்டம் தொடங்கும் முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஐயா, முன்பே என்றால் எப்படி? யார் ஜெயிப்பார், யார் தோற்பார் என்று தெரியாத நேரத்தில் ஒரு மனிதர் எப்படி முடிவெடுப்பார்? எங்களைப் பாருங்கள். ஆட்டம் முடிந்த அரை மணி நேரத்தில் சரியான நாலு பேரை நாங்கள் ஒரே குரலில் சொல்லிவிடுவோம். இதுவரை ஒருதரம்கூடத் தப்பியதில்லை.

சம்பந்தப்பட்ட அணி இந்தியா 'பி'. குகேஷ், நிஹால் சரின், பிரக்ஞானந்தா, அதிபன், ரௌனக் சாத்வானி. தரவரிசையில் பதினோராவது இடத்தில் நுழைந்த அணி. கேப்டன் ஆர்.பி.ரமேஷ். முதல் நாள் அவர் பிரக்ஞானந்தாவுக்கு ஓய்வு கொடுத்தார். ஐக்கிய அரபு அமீரகத்தை 4–0 என்று அடித்தோம். 'சார் பெரிய ஆள்' என்றோம். அடுத்து எஸ்டோனியா, சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஸ்பெயின் என்று ஐந்து சுற்றும் வெற்றி. முதல் பலகையில் பதினாறு வயது குகேஷ் ஒரு நாள் விடாமல் உட்கார்ந்து ஒரு நாள் விடாமல் ஜெயித்துக்கொண்டிருந்தான். 'பையனுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுங்களேன்' என்று அப்போது எங்களில் யாரும் கேட்டதாகப் பதிவு இல்லை.

ஆகஸ்ட் 3, ஆறாம் சுற்று, ஆர்மீனியா. ரமேஷ் மறுபடியும் பிரக்ஞானந்தாவுக்கு ஓய்வு கொடுத்தார். முதல் நாள் செய்த அதே காரியம்தான். குகேஷ் சர்கிசியானை வீழ்த்தினான், நிஹால் டிரா செய்தான், அதிபனும் ரௌனக்கும் தோற்றார்கள். 1.5–2.5.

அன்று சாயந்தரம் கடை நிலவரத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிஸ்கட் ஜாடிமேல் சாய்த்து வைத்த செல்போனில் ஒளிபரப்பு. பக்கத்துப் பட்டறையிலிருந்து வந்த சிற்பி ஒருவர், புருவத்தில் கல்தூள் அப்படியே இருக்க, டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே பேசினார். "இன்னாண்ணா இது? பிரக்ஞானந்தாவ கரையில ஒக்கார வெச்சிட்டு யாராவது ஆர்மீனியாகூட ஆடுவாங்களா?" ஆட்டோக்காரர் பதில் சொன்னார்: "ரமேஷ் சார்தான் அந்தப் பையனுக்கு வாத்தியாரு. தன் சிஷ்யனுக்கு எப்ப ஓய்வு வேணும்னு அவருக்குத் தெரியாதா?" "அதான் நானும் சொல்றேன், தெரிஞ்சவரே இப்படிப் பண்லாமா?" கல்லாவில் இருந்தவர் நடுவில் புகுந்து, சிஷ்யனை ஆடவிட்டுத் தோற்றிருந்தால் பாரபட்சம் என்று இதே வாய்தானே சொல்லியிருக்கும் என்றார். ஆமாம், சொல்லியிருக்கும். அந்த உரிமையையும் நாங்கள் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

மறுநாள் உங்கள் அட்டவணைப்படி எல்லோருக்கும் ஓய்வு. எங்களுக்கு மட்டும் இல்லை. ரௌனக்குக்கு அனுபவம் போதாது என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். அடுத்த நாள் கியூபாவை வென்றார்கள். ஆகஸ்ட் 6, எட்டாம் சுற்று, போட்டியின் முதல் நிலை அணியான அமெரிக்கா. ரமேஷ் இந்த முறை அதிபனுக்கு ஓய்வு கொடுத்து, நாங்கள் நிராகரித்த அதே ரௌனக்கை இறக்கினார். குகேஷ் கருவானாவை வென்றான். அது அவனுக்குத் தொடர்ந்து எட்டாவது வெற்றி. ரௌனக் டொமிங்கெஸை வென்றான். 3–1. எங்கள் தீர்மானத்தை உடனே திரும்பப் பெற்றுக்கொண்டோம். தீர்மானம் எழுத்தில் இல்லாததால் இதில் நடைமுறைச் சிக்கல் எழவில்லை.

பத்தாம் சுற்றுக்கு வருகிறோம். உஸ்பெகிஸ்தான். குகேஷ் அப்துசத்தோரோவுக்கு எதிராக ஜெயிக்கிற நிலையில் இருந்தான். செல்போனில் ஓரமாக ஒரு பட்டை ஏறி இறங்கும் அல்லவா, கணினி போடும் மதிப்பெண்? அதை வைத்துக்கொண்டு நாங்கள் எல்லோரும் அவனைவிட இரண்டு நகர்த்தல் முன்னால் இருந்தோம். அவனுக்கு அந்தப் பட்டை கிடையாது. எதிரில் அப்துசத்தோரோவும் கடிகாரமும்தான். நிலை நழுவியது. டிராவுக்கும் இறங்காமல் ஜெயிக்கப் பார்த்து, கடைசியில் தோற்றான். பிரக்ஞானந்தா சிந்தரோவை வென்றதால் 2–2 என்று தப்பித்தோம். குகேஷ் டிரா செய்திருந்தால் 2.5–1.5, தங்கமே கை மாறியிருக்கலாம்.

அந்த நிமிடத்தில் கடையில் இருந்த அத்தனை பேருக்கும் அந்தப் பையன் களைத்துப்போயிருப்பது பல நாளாகவே தெரிந்திருந்தது என்பது தெரியவந்தது. கருவானாவை வென்ற அன்று ஸ்வீட் வாங்கிக் கொடுத்தவருக்குத்தான் எல்லோருக்கும் முன்னால் தெரிந்திருந்ததாம்.

இங்கே உங்கள் இன்னொரு விதியையும் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது. ஆட்டத்தின் நடுவே கேப்டன் தன் ஆட்டக்காரரிடம் டிரா கேள், டிராவுக்குச் சம்மதி, ஆட்டத்தை விட்டுக்கொடு என்று வேண்டுமானால் சொல்லலாம். நிலையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. அந்த அரங்கத்திலேயே நன்றாகச் செஸ் தெரிந்தவர் பேசாமல் நிற்க வேண்டும். குதிரை எப்படிப் போகும் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற நாங்கள் நாள் முழுக்கப் பேசலாம். இந்த விதியை மட்டும் மாற்றிவிடாதீர்கள். எங்களுக்கு அது தோதாக இருக்கிறது.

இது எங்கள் ஊர் வழக்கம் மட்டும்தான் என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். அங்கே அணி வரிசையாக ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே, நேற்று எந்தப் பந்துவீச்சாளரை எந்த நேரத்தில் இறக்கினார், எவருடைய கையை எதற்கு வீணாக்கினார் என்று மேலாளரைக் காய்ச்சி எடுப்பார்கள். சேப்பாக்கத்தில் கடைசி ஓவரை யாரிடம் கொடுப்பது என்பதில் எங்களுக்கும் பயிற்சி உண்டு. ஆக, இது உலகப் பொதுக் கோரிக்கை.

ஆகவே, உஸ்பெகிஸ்தான் நடத்தும் 2026 ஒலிம்பியாடில் இருந்தாவது, ஆட்டம் முடிந்த மறுநாள் காலை பத்து மணி வரை அணிப் பட்டியலை மாற்றிக்கொள்ள அனுமதிக்க வேண்டுகிறோம். டீக்கடைகள் சீக்கிரமே திறந்துவிடுவதால் எங்கள் தரப்பில் தாமதம் இருக்காது. அது முடியாது என்றால் ஐந்து பேரையும் நான்கு பலகையில் உட்கார வையுங்கள். முன்மாதிரி இங்கேயே இருக்கிறது. போட்டி நடந்த இடத்திலிருந்து ஆட்டோ பிடித்தால் பஞ்ச ரதம். அதில் ஒன்று திரௌபதிக்கு. மீதி நான்கில் பாண்டவர் ஐவரும் அடக்கம். நகுலனுக்கும் சகாதேவனுக்கும் சேர்த்து ஒன்று. பல்லவர் அந்த எண்ணத்தில் செதுக்கவில்லை, பெயரெல்லாம் பின்னால் வந்தது என்று தொல்லியல் துறை சொல்லும். பரவாயில்லை, கணக்கு சரியாக வருகிறதா இல்லையா?

இறுதி நிலவரம் கோப்புக்காக: உஸ்பெகிஸ்தான் தங்கம், ஆர்மீனியா வெள்ளி, இந்தியா 'பி' வெண்கலம். பதினொரு சுற்றும் ஆடி 9 புள்ளி எடுத்த குகேஷுக்கு முதல் பலகையின் தங்கம், நிஹாலுக்கு இரண்டாம் பலகையின் தங்கம். தமிழக அரசு அந்த அணிக்கு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. பதினோராவது இடத்தில் தொடங்கிய அணியை மூன்றாவது இடத்துக்குக் கொண்டுவந்த கேப்டனிடம் இன்றுவரை நாங்கள் கேட்பது ஆகஸ்ட் 3-ஆம் தேதியைப் பற்றித்தான்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேற்படி டீக்கடையில் நிற்பவர்கள்.

பின்குறிப்பு: 2024-ல் புடாபெஸ்டில் கேப்டன் ஸ்ரீநாத், தரப்புள்ளியில் அணியிலேயே முதலிடத்தில் இருந்த அர்ஜுன் எரிகைசியை மூன்றாம் பலகையில் வைத்தார், முதல் சுற்றில் குகேஷுக்கு ஓய்வும் கொடுத்தார். இரண்டுக்கும் எங்கள் கடுமையான ஆட்சேபணை அன்றே தயாராக இருந்தது. அணி தங்கம் வென்றுவிட்டதால் அனுப்பவில்லை.