ஆணிமுத்தும் ஆறாயிரம் படமும்

ஏலே பேராண்டி, நீ போட்ட படத்தை உங்க அம்மை கொண்டாந்து காட்டினா. நல்லாத்தான் இருந்துச்சு. கடல் பூரா ஆரஞ்சுக் கலர்ல கொதிக்கி, நடுவுல ஒரு வள்ளம், அதுக்கு மேல சூரியன். கீழ ‘தூத்துக்குடிக் கடலில் அஸ்தமனம்’னு எழுதியிருந்த. நான் பொறந்தது, வலை இழுத்தது, கிழவனானது எல்லாம் இந்தக் கரையிலதான். நம்ம கடல்ல சூரியன் விழுந்து ஒரு நாளும் பாத்ததில்ல. இது கிழக்குக் கரை மக்கா. இங்கன சூரியன் கடல்லருந்து எழும்பும். விழுறது பாளையங்கோட்டை ரோட்டுப் பக்கம். நீ விடியக்காலம் எந்திரிச்சுப் படம் எடுத்ததே நம்ம குடும்பத்துக்குப் பெரிய கௌரவம். அதைப் போயி சாயங்காலம்னு ஏம்ல மறைக்க?

லைக் போட்டவன்ல ஒருத்தனுக்கும் திசை தெரியலங்கது வேற விஷயம்.

இப்ப என்னடான்னா, “இன்ஸ்பிரேஷன் வரல தாத்தா, லடாக் போயிட்டு வந்தாத்தான் சரியாவும்”ங்க. போயிட்டு வா. அங்க போயிருக்கிற பயலுவ எல்லாம் அதே ஏரி முன்னால அதே கல்லு மேல உக்காந்து எடுத்த படத்தையும் பாத்துட்டேன். அவனுவளுக்கு மூடு வந்துச்சோ இல்லையோ, ஜலதோஷம் வந்துச்சு. நீ நேத்தைக்கு வரைக்கும் எடுத்துக் குவிச்ச ஆறாயிரம் படத்துல திரேஸ்புரம் கரையில வலை பொத்துத கிழவன் ஒருத்தன் பேராவது உனக்குத் தெரியுமா? தெரியாது. அவன் விரல்ல எது இல்லன்னு தெரியுமா? அதுவும் தெரியாது. ஆனா அவனை ‘லெஜெண்ட்’னு எழுதியிருக்க.

ஏப்ரல் 15 வந்தா விசைப்படகுக்கெல்லாம் தடைக்காலம். ஜூன் 14 வரைக்கும், 61 நாள் கடலுக்குப் போகப்படாது. கேமராக்காரப் பயலுவ “ஒண்ணும் இல்ல”ன்னு மூட்டையைக் கட்டிருவானுவ. அப்பத்தாம்ல பாக்கணும். தண்ணிக்குள்ள மறைஞ்சு கெடந்த படகோட அடிவயிறு கரையில தெரியும். சிப்பி ஒட்டினதைச் சுரண்டுவாவ, பெயிண்ட் அடிப்பாவ, பேர எழுதுவாவ. மாதா பேரு, மகன் பேரு, சினிமாக்காரன் பேரு, எல்லாம் ஒரே பலகையில. கடன்காரன் வந்து உக்காந்து சிரிச்சுப் பேசுவான். அந்தச் சிரிப்பை ஒருத்தனும் படம் எடுத்ததில்ல. இதை விட்டுட்டு லடாக்.

ஆறாயிரம் படம்னேனே, அதுக்கு வாரேன். 1961-ல கடேசியா சர்க்கார் நம்ம கரையில முத்துக்குளிப்பு நடத்துச்சு. அதுக்கப்புறம் நடக்கல. நான் அப்ப சின்னப் பய. பங்குனி வாக்கில, கச்சான் காத்து எழும்புறதுக்கு முன்னால, கடல் தெளிஞ்சு கெடக்கிற நாளாப் பாத்துத்தான் சிப்பி கெடக்கிற பாருக்குப் போவாவ. குளிகாரன் மூச்சடக்கிக் கல்லோட எறங்கி அள்ளிக்கொண்டார சிப்பியை ஆயிரம் ஆயிரமாக் கணக்குப் போட்டு ஏலம் விடுவாவ. எடுத்தவன் அதை அழுக விட்டுக் கழுவுவான். அந்த நாத்தத்தை உன் கேமராவுல பிடிக்க முடியாது, பிழைச்ச. முத்துன்னு வெளிய வாரது கொஞ்சம். அதையும் பித்தளைச் சல்லடையில போட்டுச் சலிப்பாவ. ஒரு சல்லடை இல்ல, பத்துச் சல்லடை. 20 கண்ணுல தொடங்கி 1000 கண்ணு வரைக்கும். எது எதுல நிக்குதோ அது அதோட பருமன்.

அதோட முடிஞ்சுதுன்னு நெனைக்காத. சல்லடை பெருசா சிறுசான்னுதான் சொல்லும். உருட்சியையும் ஒளியையும் கண்ணுதான் சொல்லணும். வியாபாரி வெள்ளைத் துணியில போட்டு உருட்டிப் பாப்பான். முழு உருட்சியும் முழு ஒளியும் இருந்தா ஆணி. கோணலாப் போனது பீசல். ஒண்ணுக்கும் ஆகாத பொடி தூள். நடுவுல இன்னும் பல தரம் உண்டு, அதுக்கெல்லாம் தனித்தனிப் பேரு. ஒரு தட்டு முத்துல ஆணி ஒண்ணோ ரெண்டோ கெடைச்சாப் பெரிசு. அதுக்காவ அவன் பீசலை ஆணின்னு எழுதி வச்சதில்ல.

நீ என்ன செய்யுத? அழுக விடாம, கழுவாம, சலிக்காம, சிப்பியோட மொத்தத்தையும் ஊருக்குப் பரிமாறுத. ஒரே வள்ளத்தை நாப்பது படம், நாப்பதும் இன்ஸ்டாவுல. படத்தை எடிட் பண்ணுறதுன்னா கலர் ஏத்துறதுன்னு எவனோ உனக்குச் சொல்லிக் குடுத்திருக்கான். மொத வேலை ஒதுக்குறது. கை நடுங்கினது, ஆடிப்போனது, கண்ணு மூடினது, இதெல்லாம் சல்லடையே தள்ளிரும். அதுக்கப்புறம் நிக்குறதை ஒரு வாரம் தொடாத. எடுத்த அன்னைக்கு எல்லாமே ஆணியாத்தான் தெரியும், நீ பட்ட கஷ்டம் கூட நிக்கும்லா. ஒரு வாரம் கழிச்சு உன் கஷ்டம் மறந்த பெறவு பாரு. படம் மட்டும் இருக்கும். அப்ப எது நிக்குதோ அதைத் தொடு.

தொடவே கூடாதுன்னு சொல்லுத கிழவன் நான் இல்ல. உங்க வாத்தியாருக்கே தெரியாத ஒண்ணைச் சொல்லுதேன் கேளு. லினியஸ் டிரைப்புன்னு ஒரு வெள்ளைக்காரப் பட்டாளக் கேப்டன். 1857, 58-ல மதுரை, தஞ்சாவூருன்னு சுத்திச் சென்னை ராஜதானிக்காவ படம் எடுத்தவரு. அப்ப நெகட்டிவ் காயிதத்துல. அந்த மருந்து நீலத்தைக் கண்டா வெறி பிடிச்சு வாங்கும், அதனால வானம் வெறும் வெள்ளையாப் போயிரும். மனுசன் என்ன செஞ்சாரு? தூரிகையை எடுத்து நெகட்டிவ்லயே மேகத்தை வரைஞ்சிட்டாரு. ஆக, வானத்தை மாத்துற ஆப்பு உன் போனுக்கு வாரதுக்கு நூத்தம்பது வருசத்துக்கு முன்னாலயே அந்தத் திருட்டு இருக்கு. அதே ஆளுதான் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் அடிச்சுவத்துக் கல்வெட்டை 21 படமா எடுத்து, 19 அடிக்கு மேல நீளமா ஒட்டி வச்சாரு. ஒரு சுவரை விடாம அங்குலம் அங்குலமாப் பாத்திருக்கான் பாரு, மேகம் வரையிற உரிமை அவனுக்கு உண்டு. நீ மொதல்ல ஒரு சுவரைப் பாரு.

நம்ம ஊரு ஸ்டுடியோவுலயும் பென்சிலைக் கூராச் சீவி வச்சுக்கிட்டு நெகட்டிவ்ல டச்சிங் பண்ணுவாவ. என் கல்யாணப் போட்டோவுல எனக்கு அம்மைத் தழும்பு கெடையாது. உங்க ஆச்சி அந்தப் போட்டோவைப் பாத்துட்டு, “இந்த மாப்பிள்ளைய எங்க கொண்டு போயி வச்சியோ”ன்னு இன்னைக்கும் கேக்கா.

ஆனா எல்லைன்னு ஒண்ணு இருக்கு. ஸ்டீவ் மெக்கரியைத் தெரியும்லா உனக்கு, சுவத்துல ஒட்டி வச்சிருக்கியே, அந்த ஆப்கான் பொண்ணு படம் எடுத்தவரு. கியூபாவுல எடுத்த அவரு படம் ஒண்ணுல தெருக்கம்பம் அரைகுறையா நகந்து நிக்குதுன்னு 2016-ல ஒருத்தன் கண்டுபிடிச்சிட்டான். தோண்டிப் பாத்தா வேற படங்கள்லயும் ஆளைத் தூக்கியிருக்கு. அதுக்கப்புறம் மனுசன் “நான் செய்திப் போட்டோக்காரன் இல்ல, படத்துல கதை சொல்லுதவன்”னுட்டாரு. பெரிய ஆளு, தப்பிச்சுக்கிட்டாரு. உனக்கு அந்த வசதி கெடையாது.

உன் படத்துல பாரு, உப்பளத்துல வேலை பாக்குத அம்மா முகத்துல சுருக்கத்தை எல்லாம் வழிச்சு எடுத்திருக்க. அவ வெயில்ல நின்னு சம்பாதிச்சதுல மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான், அதையும் பிடுங்கிட்ட. திருத்தணும்னா திருத்துறதுக்கு வேற இருக்குல்லா. கடல் ஒரு பக்கமாச் சாஞ்சு கெடக்கு, தண்ணி பூரா கொழும்புப் பக்கம் ஓடிரும்போல இருக்கு. அதை நிமித்து. ஓரத்துல எவனோட முழங்கையோ நுழைஞ்சிருக்கு. அதை வெட்டு. நெழல்ல கெடக்கிற முகத்தைக் கொஞ்சம் தூக்கு. ‘சாச்சுரேஷன்’னு ஒரு கம்பி இருக்கு பாரு, அதுக்குப் பக்கத்துல போவாத. ராவா எடுத்து வை, ஜேபெக்ல சுருக்கிட்டா பெறவு கொட்டி அழுதாலும் திரும்பாது. சாப்ட்வேருக்குக் காசு இல்லன்னு உங்கப்பன்கிட்ட நிக்காத. போன்ல ஸ்னாப்சீடு சும்மா கெடைக்கி, கம்ப்யூட்டர்ல டார்க்டேபிளும் கிம்பும் சும்மா கெடைக்கி. சும்மா கெடைக்கிறதைக் கத்துக்கிட்டு முடிச்சவன் எவனையும் நான் இன்னும் பாக்கல.

உப்பளம்னதும் ஒண்ணு. அங்கன போனா உன் கேமராவுக்குக் கிறுக்குப் பிடிச்சிரும். அதுக்குள்ள இருக்கிற வெளிச்சமானி எதைப் பாத்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம்னு நெனைக்கும். வெள்ளை வெளேர்னு உப்பு அம்பாரத்தைக் காட்டினா, “அய்யோ வெளிச்சம் கூடிப்போச்சு”ன்னு தானாக் கொறைச்சிரும். உப்பு சாம்பலா வரும். நீ என்னடான்னா அதை ‘மூடியான டோன்’னு சொல்லிக்கிட்டுத் திரியுத. அந்தப் பிளஸ் மைனஸ் பொத்தானை ஒண்ணு, ஒண்ணரை ஏத்து. உப்பு உப்பா வரும். ரொம்ப ஏத்திராத, வெள்ளையில பரல் தெரியாமப் போயிரும். ஹிஸ்டோகிராம்னு கோடு ஏறி எறங்குமே, அது வலது ஓரத்துல போயி முட்டாம நிக்கணும்.

இன்னொண்ணு எந்த யூடியூப்காரனும் சொல்ல மாட்டான். உச்சி வெயில்ல உப்பளத்துல மேலருந்து மட்டும் வெளிச்சம் வராது. கீழ கெடக்கிற உப்பும் அடிக்கும். தலையில துணியைக் கட்டிக்கிட்டு நிக்கிற மனுசி முகத்துக்குக் கீழருந்து வெளிச்சம் ஏறும். வேற எங்கன எடுத்தாலும் கண்ணுக் குழி கருப்பா வரும், இங்க வராது. அந்த வெளிச்சந்தான் வருசக்கணக்கா அவிய கண்ணையும் கெடுக்கி. ரெண்டையும் தெரிஞ்சு எடு. பெறவு, உப்புக் காத்துல நின்னு லென்சைக் கழத்தி மாட்டாத. வீட்டுக்கு வந்ததும் தொடைச்சு, சிலிக்கா ஜெல்லு போட்டு வை. கடல் பெட்ரோல் டேங்கையே தின்னுது, உன் லென்சு எம்மாத்திரம்.

அந்த உப்பளத்தையே பாரி இணையதளத்துக்காவ எழுதினாவ அபர்ணா கார்த்திகேயன், படம் எடுத்தாரு எம். பழனிகுமாரு. அந்தப் பழனிகுமாரைப் பாருல. மதுரைக்காரரு, அம்மா மீன் விக்கிறவிய. மலக்குழியில எறங்குறவியளைப் பத்தித் திவ்யபாரதி எடுத்த ‘கக்கூஸ்’ படத்துக்குக் கேமராக்காரரு. ராமநாதபுரம் பக்கம் கடல்பாசி எடுக்குற பொண்டுவளோட கடலுக்குள்ளயே போயி எடுத்தவரு. 2022-ல தயானிதா சிங் – பாரி விருது மொத மொதலா அவருக்குத்தான் குடுத்தாவ. வடசென்னைப் பிள்ளைகளுக்கும் கேமரா பிடிக்கச் சொல்லிக் குடுத்தவரு. இன்ஸ்பிரேஷனுக்கு அவரு எந்த ஊருக்கு டிக்கெட்டு எடுத்தாருன்னு விசாரிச்சுச் சொல்லு.

இங்க கோவில்பட்டிக்கு அங்கிட்டு இடைசெவல்ல பொறந்த எழுத்தாளர் கி.ரா.வையே எடுத்துக்கோ. புதுவை இளவேனில் ஒரே மனுசனை வருசக்கணக்காப் படம் எடுத்தாரு. ஒரு கிழவனை. நீ என்கிட்ட வந்தா ரெண்டு நிமிசத்துல “சிரிங்க தாத்தா”ங்க. நான் சிரிச்சா பல்லு இல்ல, சிரிக்காட்டி முகம் இல்ல.

துறைமுகத்து வாசல்ல போயி நின்னு ஜூம் போடாத. உள்ள படம் எடுக்க அனுமதி வேணும். துப்பாக்கி வச்சுக்கிட்டு நிக்கிற சிஐஎஸ்எப்காரருக்கு உன் கலை தெரியாது. டிரோனை அந்தப் பக்கம் பறக்க விட்டா என்னைக் கூப்பிடாத, எனக்குப் பேரனே இல்லன்னு சொல்லிருவேன்.

பனிமய மாதா கோயில் தங்கத்தேரு 2013-க்கு அப்புறம் 2023 ஆகஸ்ட் 5-ல ஓடுச்சு. பாத்தியா, எத்தனை ஆயிரம் கை, அத்தனையிலயும் போனு. அம்புட்டுப் பேரும் ஒரே தேரை ஒரே கோணத்துல எடுத்தாவ. தேருக்கு முதுகைக் காட்டிட்டு ஒருத்தன் திரும்பி நின்னிருந்தா, வடத்தைப் பிடிச்ச கையையும், மொட்டை மாடியில நின்னு கண்ணைத் தொடைச்ச கிழவியையும் எடுத்திருப்பான். தங்கத்தேரு அடிக்கடி வராது. ஆனா சப்பரமும் கூட்டமும் வருசா வருசம் ஆகஸ்ட் 5-க்கு உண்டு. இந்தத் தடவை அங்கன திரும்பி நில்லு, வடத்துக்கு உள்ள மட்டும் போவாத.

உனக்கும் உன்னையப் போலக் கேமராவைத் தூக்கிக்கிட்டு நம்ம கரைக்கு வார மத்த பிள்ளைகளுக்கும் ஒரே ஒரு வேண்டுகோளு. படம் எடுக்கணும்னா மொதல்ல கேளுங்க, பேரைக் கேட்டு எழுதிக்கோங்க. எடுத்ததுல நல்லது ஒண்ணைப் பிரிண்ட் போட்டு, அடுத்த தடவை வரும்போது அந்த ஆளு கையில கொண்டாந்து குடுங்க. திரேஸ்புரத்துலயும் உப்பளத்துலயும் படம் எடுத்துக்கிட்டுப் போனவிய ஏகப்பட்ட பேரு. தன் படத்தைக் கையில வாங்கினவிய அங்கன ரொம்பக் கொறைச்சல்.