முகத்துக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

கேள்வி: என் மகள் கேட்கும் சீரம் 600 ரூபாயாம். குறைந்த செலவில் சருமத்தைப் பார்த்துக்கொள்ள வழியே இல்லையா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: இருக்கிறது, பாட்டிலைத் திருப்பிப் பார்க்கத் தெரிந்தால்! முன்பக்கம் கம்பெனியின் கவிதை, பின்பக்கம்தான் கணக்கு. எது அதிகமோ அதைத்தான் முதலில் அச்சிடுவார்கள். முன்னால் கொத்துக் கொத்தாய்க் குங்குமப்பூ பூத்திருக்கும். பின்னால் தேடினால், வாசனைக்குச் சேர்த்ததற்கும் கீழே கடைசி வரியில் ஒண்டிக்கொண்டிருக்கும். முதல் வரி? தண்ணீர்தான். அடுத்தது பெரும்பாலும் கிளிசரின். அதே கிளிசரின் மருந்துக்கடையில் சின்ன பாட்டிலில் சல்லிசாகக் கிடைக்கும். அப்படியே பூசாமல் நீர் கலந்து பூசச் சொல்லுங்கள். குதிகால் வெடிப்புக்கு 1872-லேயே காப்புரிமை பெற்ற வாஸ்லின் இன்றும் போதும்.

கஞ்சத்தனம் கூடாத இடம் சன்ஸ்கிரீன். எஸ்.பி.எஃப். 30 இருக்கட்டும், பொட்டு வைப்பதுபோல் தொட்டுக்கொண்டால் பலனில்லை. முகம், கழுத்துக்கு இரண்டு விரல் நீளம் வேண்டும்.

'ஒரே வாரத்தில் சிவப்பழகு' என்று யாராவது மலிவாக டியூப் நீட்டினால், பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன், குளோபெட்டசால் என்ற பெயர்கள் இருக்கிறதா பாருங்கள். எல்லாம் ஸ்டீராய்டு. டாக்டர் சொல்லாமல் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, முகம் சிவக்கத்தான் செய்யும், வேறு விதமாக!

சீரத்தில் நியாசினமைடு என்றிருந்தால் அது வைட்டமின் பி3. 5 சதவீதமே தாராளம். அது சேர்ந்த சாதாரண மாய்ஸ்சரைசரே கிடைக்கிறது. மகளுக்குப் பிடித்தது அந்தக் கண்ணாடிச் சொட்டுக்குழாய்தான் என்றால், மன்னிக்கவும், அதற்கு என்னிடம் மலிவு மருந்து இல்லை.