பூட்டிய அலமாரி

சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அடுக்கிச் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டால் மறுநாள் வரை பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பார்கள். ஒரே ஒரு நாளுக்கான இந்த விதியை ஆண்டு முழுதும் பக்தியோடு காப்பவை நம் பள்ளி நூலக அலமாரிகள் பல. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகவியலுக்கு வகுத்த ஐந்து விதிகளை 1931இல் நூலாக வெளியிட்டார். நூல் பயன்படுவதற்கே என்பது முதல் விதி. சுதந்திர இந்தியாவில் முதன்முதலாக, 1948இல், பொது நூலகச் சட்டம் கண்டதும் சென்னை மாகாணம்தான். சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். விதி, சட்டம், பணம் மூன்றும் இருக்கின்றன, சாவிதான் கிடைப்பதில்லை.

‘பிள்ளைகள் கிழித்துவிட்டால் தணிக்கையில் யார் பதில் சொல்வது?’ நியாயமான கேள்வி. ஆனால் பூட்டிய அலமாரியிலும் நூல் அழியத்தான் செய்கிறது. கரையான் உறுப்பினர் அட்டை கேட்பதில்லை. பிள்ளை கிழித்தாலாவது ஒருமுறை புரட்டியிருக்கும். ‘கதைப் புத்தகம் மதிப்பெண் தருமா?’ என்பது அடுத்த கேள்வி. கைடு தரும், மறுப்பதற்கில்லை. கேள்வியும் அதிலேயே, விடையும் அதிலேயே. இடையில் மாணவர் எதற்கு என்பதுதான் விளங்கவில்லை. வினாத்தாளில் ஒரு சொல் மாறினாலே ‘பாடத்துக்கு வெளியே’ என்று கூக்குரல் எழுகிறதே, மனப்பாடமானது விடை மட்டுமே என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுமா? பூஜைக்கு மறுநாள் புத்தகத்தை எடுத்துப் படிப்பதும் மரபுதான். தலைமையாசிரியர்களே, மறுநாள் விடிந்து வெகு காலமாயிற்று, சாவியைக் கொடுங்கள்.