கூடுவதற்கு ஒரு குளக்கரை

கண்டலம ஹோட்டலைத் தேடிப் போகிறவர்களுக்குக் கடைசி வளைவு வரை அது கண்ணில் படாது. தம்புள்ளைச் சந்தையின் இரைச்சலை விட்டு விலகி, வயலும் தென்னையும் கடந்து, பாதை காட்டுக்குள் நுழைந்து மேலேறும்போதும் பாறையும் கொடியும் குரங்குகளும்தான் தெரியும். பிறகு இருளான முகப்பு ஒன்று வழிவிடும், உள்ளே நடந்தால் ஒரு பக்கம் மலைப்பாறையே சுவராக நிற்கும், மறுபக்கம் குளம் அகன்று கிடக்கும், நீருக்கும் காட்டுக்கும் அப்பால் சீகிரியா தனித்து எழுந்திருக்கும். கோட்டேயில் நாடாளுமன்றத்தைக் கட்டிய ஜெஃப்ரி பாவாதான் இதையும் கட்டினார். சீகிரியாவுக்குப் பக்கத்தில் காட்டிய இடத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டு, அந்தக் குன்றைத் தூரத்திலிருந்து பார்க்கிற இந்தப் பாறைச்சரிவை அவரே தேர்ந்தெடுத்தார். 1994இல் திறந்தது. 152 அறைகள், ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் நீளம், மொட்டைமாடி முழுக்கச் செடிகொடி. இவ்வளவு பெரிய கட்டடத்தைக் காடு தனக்குள் இழுத்து வைத்துக்கொண்டிருக்கிறது.

பள்ளிக்கூடச் சிநேகிதர்கள் நாங்கள் சென்ற ஆகஸ்டில் கூடியது இங்கேதான். கனடாவிலிருந்து ஒருவன், லண்டனிலிருந்து ஒருவன், நீலகிரியில் கோத்தகிரியிலிருந்து ஒருவன், கொழும்பிலிருந்து நான், எங்கேயும் போகாமல் மாத்தளையிலேயே இருந்துவிட்டவன் ஒருவன். அறுபதைத் தாண்டியவர்கள். கூடத்துச் சாய்மனை நாற்காலிகளில் விழுந்து, குளிர்ந்த துவாலையால் முகம் துடைத்து, இளநீரை உறிஞ்சிக்கொண்டு, ‘இந்தக் குளத்துக்கா அன்னைக்கு நடந்து வந்தோம்’ என்று ஒருவன் கேட்க, மற்றவர்கள் பதில் சொல்லாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நடந்துதான் வந்தோம். 1975, அதுவும் ஆகஸ்ட் விடுமுறைதான். அந்தக் காலத்தை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: கூப்பன் அரிசி, பாணுக்கு விடியற்காலை வரிசை, சோற்றுக்குப் பதில் மரவள்ளி. அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகக் கட்டுப்பாடு. வழியில் பொலிஸ் மறித்துப் பையை அவிழ்த்துப் பார்க்கும் நாட்கள் அவை. தோட்டங்களில் பசியால் ஆட்கள் செத்ததும் அதற்குச் சற்று முன்புதான். அப்படிப்பட்ட நேரத்தில் ஆளுக்கொரு பிடி அரிசியை அம்மாமாரிடம் கெஞ்சி வாங்கி, சாரத்துக்குள் சுருட்டி, கருவாட்டுத் துண்டுகளைக் காகிதத்தில் பொதிந்து, ஒருவன் வீட்டு டிரான்சிஸ்டரையும் தூக்கிக்கொண்டு மாத்தளை பஸ் ஸ்டாண்டில் இ.போ.ச. பஸ்ஸுக்காக நின்றோம். பசி தெரிந்த பிள்ளைகள்தான்; ஆனாலும் அந்தக் காலையில் எங்களைவிடப் பணக்காரர்கள் மாத்தளையில் இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

அந்தப் பஸ் பயணம் இப்போது கிடைக்காது. முத்துமாரியம்மன் கோவிலைக் கடக்கும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வோம். அலுவிகாரையைக் கடக்கும்போது பஸ்ஸில் இருந்த மற்றவர்கள் கைகூப்புவார்கள். கொண்டக்டர் இரண்டுக்கும் பொறுத்திருந்துதான் டிக்கட் கிழிப்பார். பலாபத்வல, நாலந்தா, நாவுல என்று ஊர்கள் வர வர மலை தாழ்ந்து, கொக்கோவும் மிளகும் மணத்த காற்று மெல்லச் சூடேறி, கடைசியில் வறண்ட சமவெளிக்கே உரிய புழுதி வாசம் ஜன்னலால் வரும். எங்கள் பாட்டன்மார் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழி நடந்து, காய்ச்சலிலும் பேதியிலும் கூட வந்தவர்களை வழியோரம் விட்டுவிட்டு, தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைக்கு ஏறிய பாதை இந்தப் பக்கமாகத்தான் வந்தது. அவர்கள் ஏறி வந்த வழியை நாங்கள் பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கினோம். மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வந்த வயதில் அதை யார் நினைத்தது? எண்ணெய் காணாத தலைமயிர் காற்றில் பறக்க, உலகமே எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதாக எண்ணிய அந்தப் பையன்களை இன்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, அவர்களை ஒருமுறை அணைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருக்கிறது.

தம்புள்ளையில் இறங்கி வெயிலில் நடந்து கண்டலம குளக்கட்டில் ஏறியபோது குளம் பாதி வற்றியிருந்தது. வெடித்த சேற்றைத் தாண்டித்தான் தண்ணீர். வயல்காவலுக்கு இருந்த சிங்கள விவசாயி ஒருவர், ‘புத்தே’ என்று கூப்பிட்டு, எங்கள் அரைகுறைச் சிங்களத்தைச் சிரிக்காமல் கேட்டு, ஒரு மண்பானை தந்தார். மருத மரத்தடியில் கல்லடுக்கிச் சோறாக்கி, கருவாட்டைச் சுட்டு, தேங்காயும் மிளகாயும் கல்லில் இடித்துச் சாப்பிட்டோம். இரவானால் யானை இறங்கும் என்று சொல்லி அந்த மனிதரே தன் காவல் பரணில் எங்களை ஏற்றிவிட்டார். இடம் போதாமல் ஒருவன் காலில் ஒருவன் தலைவைத்து, இலங்கை வானொலியின் இரவுப் பாட்டுகளை பற்றரி தீரும்வரை கேட்டோம். பற்றரி தீர்ந்த பிறகும் யாரும் தூங்கவில்லை. யார் எங்கே வேலைக்குப் போவது, யார் யாரைக் கட்டுவது என்று அன்றிரவு தீர்மானித்தவற்றில் ஒன்றுகூட நடக்கவில்லை.

இப்போது வந்த வழியைச் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கட்டுநாயக்காவில் இறங்கி, 2022இல் திறந்த மீரிகம–குருநாகல் அதிவேகப் பாதையில் ஏறி, கலேவெல வழியாகத் தம்புள்ளைக்கு வந்துவிட்டார்கள். குளிரூட்டிய வேன், ஒரு குலுக்கல் இல்லை, கனடாக்காரன் பாதி வழி தூங்கிவிட்டான். இதைக் கேட்டதும் மாத்தளைக்காரன் முகம் மாறிவிட்டது.

“ஊருக்கு வாறோம், ஊருக்கு வாறோம்னு ஆறு மாசமா சொன்னீங்களேடா. ஊரைப் பாக்காமலே வந்திருக்கீங்க.”

அவன் சொன்னது சரிதான். மாவட்டத்துக்குள் வந்தாயிற்று, மாத்தளைக்கு வரவில்லை. அந்த அகன்ற பாதை எத்தனையோ பேருக்கு உதவுகிறது, நோயாளிக்கும் வியாபாரிக்கும் அது வரம். எங்களுக்கோ அது நாலந்தாவை, நாவுலவை, மலை தாழ்ந்து வெயில் ஏறும் அந்த ஜன்னல் காற்றை எடுத்துக்கொண்டு, அரை நாளை மிச்சம் பிடித்துத் தந்தது. அந்த அரை நாளை என்ன செய்தோம்? நீச்சல் தடாகத்து ஓரத்தில் உட்கார்ந்து, பஸ்ஸில் வந்த காலத்தைப் பற்றிப் பேசினோம்.

ஆனால் ஏன் ஹோட்டல்? பழைய சிநேகிதர்கள் கூட ஒருவன் வீட்டு முன்திண்ணை, எங்கள் பேச்சில் இஸ்தோப்பு, போதாதா? மூன்று தலைமுறையாக லயத்து இஸ்தோப்பில்தான் நல்லது கெட்டது எல்லாம் பேசி முடித்தோம். ஒரு பிளேன்டீயும் ஒரு கடி சர்க்கரையும் இருந்தால் விடியவிடியப் பேச்சு ஓடும். அந்த இஸ்தோப்பு யாரிடம் இருக்கிறது இன்று? 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்து எழுதியது. அந்தக் கணக்கில் கோத்தகிரிக்காரனின் குடும்பமும் இந்தியப் பக்கம் விழுந்தது. குளத்துக்குப் போய்வந்த இரண்டொரு வருஷத்தில் அவன் புறப்பட்டான். அப்படிப் போகிறவர்களை ஏற்றிச் சென்ற ரயிலை மலையகத்தில் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்பார்கள். நான் மேடையில் நின்றேன், அவன் ஜன்னலில் இருந்தான், தலைமன்னாருக்குப் போய் ‘ராமானுஜம்’ கப்பலில் ஏறி மண்டபம் முகாமில் இறங்கினான். பிறந்த மண்ணில் இந்தியாக்காரன் என்று எழுதப்பட்டவனைப் போய்ச் சேர்ந்த மண் சிலோன்காரன் என்று கூப்பிட்டது. பிறகு 1983 ஜூலை. மாத்தளை நகரத்தில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன, முத்துமாரியம்மன் கோவிலிலும் தீ வைத்தார்கள். லண்டன்காரனின் அப்பா கடையும் அதற்கு மேல்மாடியில் இருந்த வீடும் அன்றோடு போயின. கனடாக்காரன் அடுத்த ஆண்டே போனான். எங்கள் லயக்காம்பரா வேறு குடும்பத்துக்குப் போயிற்று, நான் கொழும்பில் ஒரு வாடகை வீட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே வயதானேன். ஆக, கூடுவதற்குச் சொந்தக் கூரை என்று ஊரில் ஒருவனுக்கு மட்டுமே இருக்கிறது. அதுவும் இரண்டு அறை வீடு, பேரப்பிள்ளைகள் நிறைந்த வீடு. அதனால்தான் காசு கொடுத்து ஒரு இஸ்தோப்பை எடுத்தோம். வெளிநாட்டிலிருந்து வரும் நம்மவர்கள் ஹோட்டலில் தங்குவதைப் பகட்டு என்று பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். பலருக்கு அது பகட்டு அல்ல. போய் இறங்க ஒரு வாசல் இல்லாத குறை.

எடுத்த இஸ்தோப்பு நல்ல இஸ்தோப்புதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஹோட்டல் கட்டப்படும் செய்தி வந்தபோது பிக்குமாரும் சுற்றுக் கிராமத்தவர்களும் சூழலியலாளர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். குளம் அழுக்காகும், வயலுக்குத் தண்ணீர் கெடும், தம்புள்ளைக் குகைக் கோவிலின் அமைதி போகும் என்ற அவர்கள் பயம் நியாயமானது. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. மருத மரத்தடி போயிற்று என்றே எண்ணினேன். அவர்கள் எழுப்பிய குரல் வீண்போகவில்லை என்பது என் எண்ணம். அத்தனை கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது கட்டுகிறவர்களும் கவனமாகத்தான் கட்டியாக வேண்டும். கட்டடம் தூண்களில் நிற்கிறது, மழைநீர் அதன் அடியால் சரிவில் இறங்கிப் போகிறது, பாறையை உடைக்காமல் நடைபாதையே வளைந்து போகிறது. படிக்கட்டில் லக்கி சேனாநாயக்க செய்த பெரிய உலோக ஆந்தை இறக்கை விரித்து நிற்கிறது. அதைப் பார்க்கவென்றே நான் லிஃப்டை விட்டுப் படியில் இறங்கினேன்.

குளமும் மாறித்தான் இருக்கிறது. 1976இல் பொல்கொல்லையில் மகாவலியை மறித்துச் சுரங்கவழியாக உக்குவெலைக்குத் திருப்பினார்கள். அந்தத் தண்ணீர் எங்கள் மாத்தளைப் பள்ளத்தாக்கால் ஓடி, போவத்தென்னவில் தேங்கி, அங்கிருந்து மறுபடி சுரங்கம் வழியாக இந்த வறண்ட பக்கத்துக்கு வருகிறது. எங்கள் காலத்தில் மழையை மட்டும் நம்பியிருந்த வயல்களுக்கு இப்போது மலைநாட்டு ஆறும் துணை. போவத்தென்ன நிரம்பினால் மூழ்கிவிடும் என்று நாலந்தா கெடிகேயைக் கல் கல்லாகப் பிரித்து மேட்டில் திரும்ப அடுக்கினார்கள். திராவிடக் கோவில் அமைப்பில் கட்டிய அந்தப் பௌத்த ஆலயத்தை அன்று பஸ்ஸை விட்டிறங்கிப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை. சென்ற ஆகஸ்டில் குளத்தில் வெடித்த சேறு இல்லை. அந்தப் பானை தந்த விவசாயி இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

காலைச் சாப்பாட்டு மண்டபத்தில் உயரத் தொப்பி போட்ட பையன் ஒருவன் தேங்காய் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தான், பக்கத்தில் கட்டச் சம்பல். பழமும் பாற்கட்டியும் கேக்கும் நிறைந்த அந்த நீள மேசைகளையெல்லாம் கடந்து கனடாக்காரன் அங்கே போய் நின்றான். தோட்டத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் விடியற்காலை நாலு மணிக்கு அவன் அம்மா சுட்டு, துணியில் சுற்றி வைத்துவிட்டுப் போகும் ரொட்டி. ஒன்று வாங்கினான். இன்னொன்று வாங்கினான். “அம்மா ரொட்டி இதைவிடக் கனம்டா” என்றான், பிறகு சர்க்கரை வியாதி மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டான். மேசையில் ஐந்து பேருடைய மாத்திரைப் பெட்டிகளும் வரிசையாக இருந்தன.

சீகிரியாவுக்கும் போனோம். உள்ளூரவருக்கு ரூபாயில் சிறு கட்டணம், வெளிநாட்டவருக்கு டொலரில் பெரிய கட்டணம். மாத்தளை ஆஸ்பத்திரியில் பிறந்த மூவர் டொலர் வரிசையில் நின்றார்கள். குளத்துக்கு வந்த அந்த வருஷம் எங்களில் பாதிப் பேருக்கு எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் கிடையாது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது எஞ்சியிருந்தவர்களுக்கு முழுமையாகத் திரும்பியது 2003இல்தான். அன்று எந்த நாட்டுக்கும் உரியவன் அல்லாத பையன் இன்று கனடாக் கடவுச்சீட்டுடன் கற்படியில் மூச்சிரைக்க ஏறுகிறான். பாதியில் உட்கார்ந்து, கீழே தெரிந்த காட்டையும் நீரையும் காட்டி, “எல்லாம் நம்ம மாத்தளை டிஸ்ட்ரிக்ட்தானேடா” என்று கேட்டான். ஆமாம் என்றோம்.

புறப்படும் நாளில் ஹோட்டலை விட்டுக் குளக்கட்டுக்குப் போனோம். மருத மரங்கள் அங்கே நிற்கின்றன. குடும்பங்கள் வேனில் வந்து சோற்றுப் பார்சல் பிரித்துக்கொண்டிருந்தன, பையன்கள் மோட்டார் சைக்கிளோடு தண்ணீருக்குள் இறங்கியிருந்தார்கள், யாரோ பெருஞ்சத்தமாகப் பைலாப் பாட்டு போட்டிருந்தார்கள். ஹோட்டலின் அமைதி அங்கே இல்லை. எங்கள் 1975 அங்கேதான் இருந்தது. கோத்தகிரிக்காரன் சாரத்தை மாற்றிக்கொண்டு முதலில் இறங்கினான். முழங்கால் வலி, இரத்த அழுத்தம் என்று கரையில் நின்ற நாங்களும் ஒவ்வொருவராக இறங்கினோம்.

திரும்பும்போது மாத்தளைக்காரன் பிடிவாதம் பிடித்து எல்லோரையும் பழைய பாதையிலேயே கூட்டிக்கொண்டு போனான். கோவிலின் பஞ்சரதங்கள் நிற்கும் இடத்தைக் காட்டினான், வீட்டில் பிளேன்டீ தந்தான். இடம் போதவில்லை, மாறி மாறி உட்கார்ந்தோம்.

இதை வாசிக்கிறவர்களில் மாத்தளையை விட்டுப் போனவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். கண்டலமவில் தங்குங்கள், நல்ல இடம், காசுக்குத் தகுந்த இடம். ஆனால் வரும்போது குருநாகல் வழியால் வராதீர்கள். ஏ9 பாதையில், மாத்தளை டவுனுக்குள்ளால் வாருங்கள். ஊரில் இன்னும் இருக்கிற ஒருவனுக்கு முதல் நாளே தகவல் சொல்லிவிடுங்கள்.